ஒரே நாட்டுக்குள் இடுப்பு எலும்பு முறிவு ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருப்பது ஏன்?

நான் மருத்துவர் இல்லை. ஜப்பானில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முதல் மூன்று வருடம் மேற்கு ஜப்பானில் ஒசாகா பக்கம், இப்போது டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணத்தில். விழுந்தவர்களைப் பார்ப்பது அன்றாட வேலை என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஜப்பானை வைத்தே சொல்கிறேன்.

இடுப்பு எலும்பு முறிவு என்று நாம் சொன்னாலும், உடைவது தொடை எலும்பின் மேல்முனை, அதாவது இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தும் பந்துக்குக் கொஞ்சம் கீழே. ஜப்பானில் 1987 முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நாடு முழுக்க மருத்துவமனைகளில் இதைக் கணக்கெடுக்கிறார்கள். முதல் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 53,000 முறிவுகள். 2017-இல் சுமார் 1,93,000. கிழவர் கிழவிகள் பெருகிய நாடு, எண்ணிக்கை ஏறியதில் அதிசயம் இல்லை. அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மேற்கு ஜப்பானில் அதிகம், கிழக்கிலும் வடக்கிலும் குறைவு. மேற்கில் வயதானவர்கள் அதிகமாக இருப்பார்கள், அதனால்தானே என்று கேட்கலாம். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் அந்தச் சாய்வு போகவில்லை.

முதலில் இதைக் கேட்டபோது எனக்குத் தலைகீழாகப் பட்டது. வடக்கே ஹொக்காய்டோவில் மாதக்கணக்கில் தெருவெல்லாம் பனிக்கட்டி. வழுக்கி விழுவதானால் அங்கேதானே விழ வேண்டும்? ஆனால் இந்த வயதில் பெரும்பாலான விழுகை வீட்டுக்குள்தான்: கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, குளியலறை வாசலில், தரையில் கிடக்கும் மெத்தையின் ஓரம் தடுக்கி. தெருப் பனிக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 65 வயது தாண்டிய வெள்ளையினப் பெண்களைப் பற்றி 1990-இல் வந்த ஆய்வில், குளிர் மிகுந்த வடக்கைவிட வெயிலடிக்கும் தெற்கில்தான் முறிவு அதிகம். வறுமை மிகுந்த கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) முறிவும் கூடுதலாக இருந்தது.

சரி, ஜப்பானுக்கு வருவோம். இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் நாட்டோ. வேகவைத்த சோயாவை ஒரு பாக்டீரியா விட்டு நொதிக்க வைப்பார்கள். குச்சியால் கிண்டினால் நூல் நூலாக இழுக்கும். வாசனை? மூடி வைத்து மூன்று நாள் மறந்துபோன இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இபராக்கியின் தலைநகர் மிதோ, நாட்டோவுக்குப் பேர்போன ஊர். எங்கள் இல்லத்தில் காலைத் தட்டில் அது இல்லாத நாள் குறைவு. ஒசாகாவில் நேர் எதிர். அங்கே ஒரு பாட்டியிடம் நாட்டோ பிடிக்குமா என்று கேட்டதற்கு, "அது சாப்பாடா? கெட்டுப்போன பயறு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கெட்டுப்போன பயறில்தான் வைட்டமின் கே2-வின் ஒரு வகை, எம்கே-7, கொட்டிக் கிடக்கிறது. எலும்பில் ஆஸ்டியோகால்சின் என்று ஒரு புரதம் உண்டு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள அதற்கு வைட்டமின் கே வேண்டும். 2001-இல் வந்த ஆய்வு ஒன்றில் பெண்களின் ரத்தத்தில் எம்கே-7 அளவைப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு டோக்கியோவில் சராசரி 5.26 நானோகிராம், மேற்கே ஹிரோஷிமாவில் 1.22, பிரிட்டனில் 0.37. மாகாணவாரியாகப் பார்த்தபோது, நாட்டோ அதிகம் தின்னும் இடங்களில் பெண்களின் இடுப்பு எலும்பு முறிவு குறைவாக இருந்தது. பிறகு நாட்டை 12 பகுதிகளாகப் பிரித்துச் செய்த இன்னொரு ஆய்விலும், பார்த்த சத்துகளில் வைட்டமின் கேதான் முறிவோடு அதிகம் ஒத்துப்போனது.

நானும் இதைக் கேட்டதும் சொக்கிப்போனேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடவும் பழகிவிட்டேன். ஆனால் இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டால் தெரிவது மாகாணத்தைப் பற்றித்தான், அங்கே விழுந்த மனுஷியைப் பற்றி அல்ல. நாட்டோ தின்னும் ஊரில் உடையாதவர்கள்தான் நாட்டோ தின்றவர்கள் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. தனித்தனி ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020-இல்தான் வந்தது. மாதவிடாய் நின்ற சுமார் 1,400 பெண்களைப் பதினைந்து வருட அளவுக்குப் பின்தொடர்ந்தார்கள். நாட்டோ அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு எலும்புத் தேய்வால் வரும் முறிவு குறைவாகத்தான் இருந்தது. என் கணக்கில் மாகாணவாரி ஒப்பீட்டைவிட இதற்கு மதிப்பு அதிகம். இருந்தாலும், தினம் நாட்டோ தின்பவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவராக இருக்கலாம்.

அப்புறம் ஒரு அசிங்கமான கிளைக்கதையும் உண்டு. வைட்டமின் கே மாத்திரை கொடுத்தால் இடுப்பு எலும்பு முறிவு பெருமளவு குறையும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை பலமாக இருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்த பரிசோதனைகளில் சில, யோஷிஹிரோ சாத்தோ என்ற ஜப்பானிய மருத்துவருடையவை. அவருடைய தரவுகள் ஜோடிக்கப்பட்டவை என்று பிறகு வெளிவந்து, கட்டுரைகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைக் கழித்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கையும் இளைத்துவிட்டது. ஆகவே நாட்டோ என்பது முழுப் பதில் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஆய்வுகூட இல்லை, இபராக்கியில் ஒரு இரவு. 87 வயதுப் பாட்டி. சின்ன வயதில் வீட்டிலேயே வைக்கோலில் கட்டி நாட்டோ செய்வார்களாம், எண்பது வருடமாக விடாமல் சாப்பிட்டவர். ராத்திரி மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கிடந்தார். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அப்படிப் பார்த்தால் தூக்கவே கூடாது, ஆம்புலன்ஸ்தான். தூக்க மாத்திரை போட்டிருந்தார், காலில் குதிகால் மூடாத செருப்பு. ஒரு காலணியை மாற்றியிருந்தால் அன்றைக்கு எலும்பு உடைந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். மாற்ற வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆக, உணவு ஒரு பகுதி. யாருக்குத் தூக்க மாத்திரை, யார் தனியாக வாழ்கிறார், யாருடைய எலும்பை உடைவதற்கு முன்பே பரிசோதித்தார்கள் என்பதெல்லாம் மிச்சம். உள்ளூராட்சிகள் நடத்தும் எலும்புத் தேய்வுப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஜப்பான் முழுக்கச் சேர்த்தே 5 சதவீதம் அளவில்தான், அதுவும் மாகாணத்துக்கு மாகாணம் ஏகத்துக்கு மாறும். எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு நாட்டோ வாங்கிக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் கூடவே கூடாது. நம் ஊரில் நிறையப் பேருக்கு எழுதித் தரும் அசெனோகூமரோலும் அதே வகைதான். ஒரு கிண்ணம் நாட்டோ அந்த மருந்தின் வேலையை நாள்கணக்கில் கெடுத்துவிடும். எங்கள் இல்லத்தில் அப்படிப்பட்டவர்களின் தட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்போம். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துவிடுவார்களோ என்று காலையில் ஓர் ஆள் நின்று பார்ப்போம்.