புது பேட் போட்ட பிறகு முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடுகிறதா?

கேள்வி: தாராபுரத்திலிருந்து உடுமலைக்குத் தினமும் 150 சிசி பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். வண்டி வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு. சென்ற வாரம், வழக்கமாகச் செல்லும் பட்டறையில் முன் டிஸ்க் பேட்களை மாற்றினேன். அன்று மாலையிலிருந்து, முதல்முறை பிடிக்கும்போது லீவர் ஏறக்குறைய கைப்பிடியைத் தொட்டுவிடுகிறது. விட்டு விட்டு இரண்டு மூன்று முறை பிடித்தால்தான் பிரேக் பிடிக்கிறது. சிறிது தூரம் ஓட்டினாலே டிஸ்க் கொதிக்கிறது. பேட் மாற்றியவர், செட் ஆக ஒரு வாரம் ஆகும் என்கிறார். இன்னொரு பட்டறையில், மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, மாற்ற 3,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதையும் நம்ப வேண்டாம். பேட் செட் ஆவது என்பது உண்மைதான், ஆனால் அப்படிச் செட் ஆவது பிடிமானம் மட்டுமே. புது பேட்டின் மேற்பரப்பும் பழைய டிஸ்க்கின் தேய்மானக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை வண்டி வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும். லீவர் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. லீவர் கைப்பிடியைத் தொடும் வண்டி ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் ஓட்டினாலும் தானாகச் சரியாகாது. மாஸ்டர் சிலிண்டரைப் பொறுத்தவரை, பேட் மாற்றும் நாள் காலை வரை ஒழுங்காக வேலை செய்த பொருள் அன்று மாலை தானே கெட்டுப்போனது என்பதை நம்புவதற்கு முன், அன்று அந்த வண்டியில் கை பட்ட இடங்களைப் பார்ப்பதே முறை. சரியாகும் வரை வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

நீங்கள் லீவரைப் பிடிக்கும்போது, ஹேண்டில்பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒரு திரவத்தை ஹோஸ் வழியாகக் கீழே தள்ளுகிறது. அந்தத் திரவம், டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேட்டை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது. திரவம் சுருங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. இந்தத் திரவத்துக்கு நம் ஊரில் பிரேக் ஆயில் என்று பெயர் வைத்ததே ஒரு கெடுதல். அது ஆயில் அல்ல. ஆயில் என்ற பெயரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றிய வண்டிகளை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறிய கொண்டைக்கடலையைப் போல உப்பியிருந்தன.

பேட் தேயத் தேயப் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அப்படி வெளியே நின்ற பகுதியில் ஐந்து ஆண்டுத் தூசியும், மழைத் தண்ணீரும், பேட் தேய்ந்த கறுப்புப் பொடியும் சேர்ந்து கெட்டியான படலமாக ஒட்டியிருக்கும். புது பேட் தடிமனானது. ஆகவே அதற்கு இடம் செய்யப் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அவசரப்படும் மெக்கானிக் அந்த அழுக்கைத் துடைக்காமல், பெரிய திருப்புளியை உள்ளே விட்டு நெம்பி, அழுக்கோடு சேர்த்தே பிஸ்டனைத் தள்ளிவிடுவார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலுக்கு இரண்டு வேலைகள் உண்டு: திரவம் ஒழுகாமல் காப்பது ஒன்று, லீவரை விட்டதும் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது மற்றொன்று. அழுக்குப் பிஸ்டன் சீலோடு ஒட்டிக்கொண்டால் முன்னேறும்போது வழுக்கிப் போகாது. சீலையும் இழுத்துக்கொண்டு போய், லீவரை விட்டதும் அளவுக்கு மீறிப் பின்னால் வந்துவிடும். அடுத்த முறை அந்த இடைவெளியை நிரப்பவே உங்கள் லீவரின் முதல் பிடி செலவாகிறது. நீங்கள் எழுதியிருக்கும் "இரண்டு மூன்று முறை பிடித்தால் சரியாகிறது" என்ற குறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

டிஸ்க் கொதிப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது கேலிப்பரின் ஸ்லைடிங் பின்களை. உங்கள் வண்டியைப் போன்றவற்றில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்துப் பேட் டிஸ்க்கைத் தொட வேண்டுமானால் கேலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர வேண்டும். அந்தப் பின்கள் காய்ந்து துருவேறி இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. ஒரு பேட் டிஸ்க்கை வளைத்துப் பிடிக்கும், விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும், லீவரும் பஞ்சைப் போல அமுங்கும். தேய்ந்த பழைய பேட்களோடு இது தெரிந்திருக்காது. தடிமனான புது பேட் உள்ளே போனதும் இடம் குறைந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கான சாட்சியம் அநேகமாக அந்தப் பட்டறையின் குப்பைத் தகரத்திலேயே கிடக்கும். உங்கள் பழைய பேட்களைக் கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று தகடு தெரியும் வரை தேய்ந்து, மற்றது பாதிக்குமேல் மிச்சம் இருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருந்தாலோ, பின்கள் இறுகி மாதங்கள் பல ஆகிவிட்டன என்று பொருள். சென்ற ஆண்டு ஒரு பால்காரரின் வண்டியில் கழற்றிய பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வந்த பின்னின் மேல் கல்லாக இறுகிய பழுப்பு நிறக் கிரீஸ் இருந்தது. அவருக்கும் முதலில் மாஸ்டர் சிலிண்டர் விலைதான் சொல்லியிருந்தார்கள்.

மாஸ்டர் சிலிண்டர் உண்மையில் போய்விட்டதா என்பதை நீங்களே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி வைத்து, லீவரை இரண்டு மூன்று முறை பிடித்து இறுக்கமானதும், விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடம் கழித்தும் லீவர் அதே இடத்தில் நின்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் அழுத்தத்தைத் தாங்குகிறது, மாற்ற வேண்டாம். மெதுவாகக் கைப்பிடியை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், ஏதோ ஓரிடத்தில் திரவம் கசிகிறது, அல்லது சீல் விடுகிறது. அப்படியே ஆனாலும், பல மாடல்களுக்கு உள்ளே இருக்கும் சிறிய பிஸ்டனும் சீலும் கொண்ட கிட் தனியாகக் கிடைக்கும். ஆனால் கிட் விற்றால் லாபம் சொற்பம், முழு செட் விற்றால் லாபம் அதிகம் என்பதால், கிட் வருவதில்லை என்று கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒரே குரலில் சொல்வார்கள். பாகத்தின் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு கடையில் விசாரியுங்கள். மெக்கானிக்கே உங்களை ஒரு குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினால், அந்தக் கடையின் விலையில் அவருடைய பங்கும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பேட் உரசி டிஸ்க் கொதித்துச் சக்கரம் இறுகுவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பேட் தேயும்போது மேலே உள்ள டப்பாவில் திரவத்தின் அளவு இறங்குவது இயல்பு. இதை அறியாமல் யாரோ நடுவில் திரவத்தை நிரப்பியிருந்தால், புது பேட் போட்டுப் பிஸ்டனைத் தள்ளியதும் திரவம் மூடி வரை ஏறி, சூட்டில் விரிவடைய இடமில்லாமல் பேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அழகுக்காகப் போடும் மடக்கு லீவர்கள். அவற்றின் அளவு சரியில்லாவிட்டால், லீவரை விட்ட பிறகும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை இம்மியளவு அமுக்கி வைத்திருக்கும். திரவம் திரும்பிப் போகும் நுண்துளை மூடியே கிடக்கும். இறுக்கம் திரவத்தாலா, துருவாலா என்று பிரிப்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போது, சூடு ஆறிய பிறகு, கேலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். ஒரு சொட்டுப் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் குற்றம் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கத்திலோ ஹோஸிலோ இருக்கிறது; விடுபடாவிட்டால் கீழே, கேலிப்பரில்தான் இருக்கிறது. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் ஒலி கேட்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது எல்லா டிஸ்க் பிரேக்கிலும் உண்டு.

பேட் மட்டும் மாற்றினால் லைனுக்குள், அதாவது திரவம் ஓடும் பாதைக்குள், காற்று போக வழியே இல்லை. ஆனால் பேட்டைக் கழற்றி வைத்த நேரத்தில் யாராவது லீவரைப் பிடித்திருந்தால் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வந்திருக்கும்; அல்லது பிஸ்டனைத் தள்ளச் சோம்பல்பட்டு நிப்பிளைத் திறந்திருப்பார்கள். இரண்டிலும் காற்று நுழையும்; திரவத்தைப் போலன்றிக் காற்று சுருங்கும் என்பதால் லீவர் பஞ்சாகிவிடும். ஏர் எடுப்பது, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுவது, பெரிய வித்தை அல்ல. நிப்பிளில் கண்ணாடி போன்ற ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி, லீவரைப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும்; மேலே டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கவே கூடாது. மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும், அதுவும் உங்கள் கண்முன் சீல் உடைத்த பாட்டிலிலிருந்து. இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மூடி தொலைந்து, வாயில் காகிதம் திணித்து, அலமாரியில் ஓராண்டாக நிற்கும் பாட்டிலிலிருந்து ஊற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருப்பதால் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லைனைத் திறக்காமல் பேட் மட்டும் மாற்றியிருந்தால் ஏபிஎஸ்ஸுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "ஏபிஎஸ் வண்டி என்றால் லீவர் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைனைத் திறந்திருந்தாலும், நான் மேலே சொன்ன முறையிலேயே பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கும் கேலிப்பருக்கும் நடுவில் உள்ள ஏபிஎஸ் யூனிட்டின் வால்வுகளுக்குள் காற்று புகுந்துவிட்டால் மட்டும் கையால் எத்தனை முறை எடுத்தாலும் லீவர் பஞ்சாகவே இருக்கும். அப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவியை இணைத்து அந்த வால்வுகளை இயக்கித்தான் காற்றை வெளியேற்ற முடியும். இதற்குச் சாலையோரப் பட்டறையில் வழி கிடையாது. அதோடு, சாவியைப் போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி சிறிது நகர்ந்ததும் அணைந்துவிட வேண்டும். பேட் மாற்றியதிலிருந்து அது அணையாமல் எரிந்தால், கேலிப்பர் அருகே போகும் சென்சார் ஒயர் நசுங்கியிருக்கலாம், அல்லது சக்கரத்தைக் கழற்றியபோது சென்சார் வளையம் வளைந்திருக்கலாம். இந்த விளக்கை அணைக்க ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி, விளக்குக்குத் தனி ஜோடனை செய்து கொடுக்கும் கைங்கரியக்காரர்கள் இருக்கிறார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் ஏபிஎஸ்ஸை அரசு கட்டாயமாக்கியது. அதை யார் கழற்றலாம், யார் கழற்றக்கூடாது என்று யாரும் கேட்பதில்லை. சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் புகைக்குத் தவறாமல் சான்றிதழ் கேட்பார்கள், பிரேக்கை ஒருவரும் பிடித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இது. கேலிப்பரைக் கழற்றி, பிஸ்டன்களைச் சிறிதளவு வெளியே வரவைத்து, புது பிரேக் திரவம் தோய்த்த துணியால் அழுக்கைத் துடைத்து, மறுபடி கையால் தள்ளச் சொல்லுங்கள். பின்களைச் சுத்தம் செய்து, ரப்பருக்குக் கேடு செய்யாத சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பேட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் தகடு விடுபட்டிருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ அந்தக் கேலிப்பருக்கு அருகில் வரக்கூடாது, பேரிங் கிரீஸும் கூடாது. இவை சீலை உப்ப வைக்கும். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவித் தருகிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். புது டிஸ்க்கின் தடிமனுக்கும் அந்த அளவுக்குமே வித்தியாசம் சொற்பம், சீவுவதற்கு அதில் இடமில்லை. வேலை முடிந்ததும் வண்டியின் மேல் சிந்திய திரவத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் பட்டறை வாசலிலேயே லீவரை ஒரு முறை பிடித்துப் பாருங்கள். பாதித் தூரத்துக்குள் கல்லாக நிற்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு மறுபடி பிடித்தாலும் அப்படியே நிற்க வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, முழுவதும் நிறுத்தாமல், இருபது முறையாவது நிதானமாகக் குறைத்து, நடுநடுவே டிஸ்க்கை ஆறவிடுங்கள். முதல் 200 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிடத் தள்ளியே ஓட்டுங்கள். பேட் மாற்றியவர் சொன்ன 'செட் ஆவது' இதுதான்.