பாட வராதவரும் இசை ஆய்வுக்கு வரலாமா?

குடியாத்தம் மாணவி: கணிதம் படிக்கிறேன் அக்கா, பாட வராது. இசை ஆய்வுக்கு வரலாமா?

வரலாம்மா. ஆனால் சுருதி விலகினால் காது சொல்ல வேண்டும். எம்.ஏ. சேர்க்கையில் பல இடங்களில் பாடவோ வாசிக்கவோ சொல்வார்கள். அதனால் இப்போதே ஒரு வாத்தியாரிடம் உட்காருங்கள். கணக்கு தெரிந்தவருக்குத் தாளம் பாதி வேலை.

ராணிப்பேட்டையில் ஒரு அப்பா: மகன் இதைத்தான் படிப்பேன் என்கிறான். சோறு போடுமாம்மா?

மெதுவாகத்தான் போடும், ஐயா. உதவிப் பேராசிரியர் இடங்கள் குறைவு. அந்த வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் இசையும் ஒரு பாடம். இரண்டு தாள், 300 மதிப்பெண். அதிலேயே ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் (2023 முதல் இந்தத் தொகை). அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம், பள்ளியில் இசை கற்பிக்கும் தகுதியையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஆரணி இளைஞர்: ஆய்வுக்குச் சென்னைக்குப் போய்த்தான் ஆகணுமா?

பட்டத்துக்குப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. ஆனால் ஆய்வுப் பொருள் உங்கள் ஊரில் கிடக்கிறது, தம்பி! திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது மிருதங்கம், ஆர்மோனியத்தோடு முகவீணை ஒலிக்கிறதே, நாகசுரத்துக்குத் தம்பி போல ஒரு சின்னக் குழல், அதை வாசிப்பவர்கள் அருகி வருகிறார்கள். கலைஞரிடம் ‘இது என்ன ராகம்’ என்று முதலிலேயே கேட்காதீர்கள். ‘வேஷம் களரிக்குள் (கூத்து ஆடும் இடத்துக்குள்) வரும்போது ஏன் இதை வாசித்தீர்கள்’ என்று கேளுங்கள். ராகப் பெயரைக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். அந்த இடத்தைக் கேட்டால் அவர் தொழிலைச் சொல்வார். நான் முதல் தடவை ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே பதிவுக் கருவியை வைத்தேன். விடிய விடியப் பதிந்தது முழுக்க இரைச்சல்! அடுத்த முறை வாத்தியக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்புறம், அனுமதி கேளுங்கள், பதிவின் நகலை அவருக்கே கொடுங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். இந்த மூன்றையும் செய்யாதவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறப்பதில்லை.

காட்பாடி வாசகர்: வள்ளிமலைக்காரன் நான். திருப்புகழில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது?

அருணகிரிநாதர் பாடிய மெட்டு நம்மிடம் இல்லை, சந்தம், அதாவது பாட்டுச் சொற்களின் ஓசைக் கட்டு, இருக்கிறது. சந்தத்திலிருந்து தாளத்தை எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

சோளிங்கர் வாசகி: பதிவுகளை எங்கே வைப்பது?

செல்போனில் மட்டும் வேண்டாம். சுருக்காத வேவ் கோப்பாக இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஊர், நாள், வாசித்தவர் பெயரை அன்றிரவே எழுதிவிடுங்கள். காலையில் தூக்கத்தில் எல்லாம் மறந்துபோகும்.