டிஸ்க் சுத்துது, படம் வரல்ல – வாசகர் கேள்வி பதில்

மழை தொடங்கினா இந்தப் பக்கத்துக்கு வாற கேள்வியில பாதி டிவிடி பிளேயரும் ஹோம் தியேட்டரும்தான். இப்ப எல்லாரும் போன்ல படம் பாக்கிற காலம், ஆரு டிஸ்க் போடுறது எண்டு கேக்கிற ஆக்களும் இருக்காங்க, ஆனா எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலயும் கலியாண டிஸ்க், சாமத்தியவீட்டு டிஸ்க், கோயில் திருவிழா டிஸ்க் எண்டு ஒரு கட்டு கிடக்கும், அதைப் பாக்க இந்தப் பெட்டிதான் வேணும். நான் 20 வருசத்துக்கு மேல இதுகளைத் திருத்திறன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றன்.

கேள்வி (கல்லடி): அண்ணா, எங்கட டிவிடி பிளேயர் யன்னலோரம் வச்சிருக்கம். கடையில வாங்கின படம் ஓடுது, ஆனா எங்கட கலியாண டிஸ்க்கைப் போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு 'நோ டிஸ்க்' எண்டு வருது. அவர் சொல்றார் டிஸ்க் பழுதாம், தூக்கி எறியட்டாம். எறியலாமா?

பதில்: எறியாதீங்க தங்கச்சி, ஐயோ, தொடவே வேணாம். முதல்ல அந்த டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுப் பிளேயர்லயோ ஒரு கம்ப்யூட்டர்லயோ போட்டுப் பாருங்க, அங்க ஓடினா டிஸ்க்குல பிழையில்ல, உங்கட பெட்டியிலதான் பிழை.

ஏன் ஒண்டு ஓடி மற்றது ஓடல்ல எண்டா, கடையில வாற படம் மெசின்ல அச்சடிச்சது, அதுல படத்தைக் குறிக்கிற சின்னச் சின்னக் குழியள் நல்லாப் பதிஞ்சிருக்கும். கலியாண டிஸ்க் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர்ல எழுதினது, அதுல ஒரு சாயத்தைத்தான் லேசர் சுட்டு அடையாளம் போட்டிருக்கு, திரும்பி வாற ஒளி பொதுவா கொஞ்சம் பலவீனம். லென்ஸ் சுத்தமா இருந்தா ரெண்டையும் வாசிக்கும், லென்ஸ்ல மங்கல் பிடிச்சா முதல்ல விடுறது எழுதின டிஸ்க்கைத்தான். அதனாலதான் நிறையப்பேர் டிஸ்க்குல பழியப் போடுறாங்க.

கல்லடியில யன்னலோரம் எண்டு சொன்ன உடனேயே எனக்கு விளங்கிட்டு. கடல் காத்துல உப்பு இருக்கு, அந்த உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கொள்ளும், அதோட தூசியும் சேர்ந்து லென்ஸ்ல ஒட்டும். போன மாசம் ஒரு பெட்டியத் திறந்தன், அந்தச் சின்ன லென்ஸ், ஒரு பயறு மணி அளவு கூட இல்ல, நீலமா மினுங்க வேண்டியது தேத்தண்ணி ஆவி பட்ட கண்ணாடி மாதிரி வெள்ளையா இருந்தது. பஞ்சுக் குச்சியால ஒரு தரம்தான் துடைச்சன், டிஸ்க் உடனே பிடிச்சிட்டு.

வீட்டுல செய்யிறதெண்டா இப்பிடிச் செய்யுங்க: பிளக்கைச் சுவர்ல இருந்து முழுசாக் கழட்டி ஒரு அரை மணித்தியாலமாவது விட்டுட்டுத்தான் மூடியத் திறக்கணும், ஏனெண்டா உள்ளுக்கு பவர் சப்ளையில இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல, அதாவது கரண்டைச் சேத்து வைக்கிற சாமான்ல, 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக் கழட்டினாலும் உடனே இறங்காது, அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. மூடி திறந்திருக்கக்குள்ள கரண்ட் குடுத்து லென்ஸைக் குனிஞ்சு பாக்கவும் கூடாது, அது லேசர், கண்ணுக்கு ஆபத்து. எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் விக்கிற கடையில ஐசோபுரொபைல் அல்கஹோல் கேட்டு வாங்குங்க, பஞ்சுக் குச்சியில ஒரு துளி, லென்ஸ்ல அமத்தாம மெல்லமா ஒரு சுத்து, அவ்வளவுதான். லென்ஸ் மெல்லிய கம்பி மாதிரி ஒரு பிடியில தொங்கிட்டு இருக்கு, அமத்தினா கதை முடிஞ்சுது. ஒடிகொலோன், தின்னர், மண்ணெண்ணெய் ஒண்டும் வேணாம், பிளாஸ்டிக் லென்ஸ் கெட்டுப் போகும். சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டுல எண்ணெய்த் தன்மை இருக்கும், அது காஞ்சாப் பிறகு திரும்ப மங்கலாகும். கை நடுங்கிற ஆக்கள் செய்யாதீங்க, கடைக்குக் குடுங்க, இது சின்ன வேலைதான்.

மறுகா பெட்டிய யன்னலோரத்துல இருந்து எடுத்து உள் சுவர்ப் பக்கம் வையுங்க. கிழமைக்கு ஒருக்காவது அரை மணித்தியாலம் ஓட விடுங்க, அந்தச் சூட்டுல உள் ஈரம் காயும். சும்மா கிடக்கிற பெட்டிதான் எங்கட ஊர்ல முதல்ல பழுதாகிறது.

கேள்வி (அக்கரைப்பற்று): நானா, ஹோம் தியேட்டரைப் போட்டா 'புரொடெக்ட்' எண்டு எழுத்து வந்து தானா ஓஃப் ஆகுது. ஒருத்தர் போர்ட் போயிட்டு எண்டு பெரிய காசு கேக்கிறார்.

பதில்: காசு குடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்க தம்பி. பிளக்கைக் கழட்டி, பின்னால இருக்கிற ஸ்பீக்கர் வயர் எல்லாத்தையும், சப்வூஃபரையும் சேத்து, கழட்டி வச்சிட்டு வெறும் பெட்டிய மட்டும் போட்டுப் பாருங்க. அப்பவும் புரொடெக்ட் வந்தா உள்ளுக்குத்தான் பிழை, அம்ப்ளிஃபயர் ஐசியோ பவர் சப்ளையோ, கடைக்குத்தான் போகணும். வரல்லையெண்டா பெட்டி சுகம், வயர்லதான் பிழை. மறுகா ஒவ்வொரு தரமும் ஓஃப் பண்ணி ஓஃப் பண்ணி ஒவ்வொரு ஸ்பீக்கராக் குடுங்க, எதைக் குடுக்கக்குள்ள புரொடெக்ட் வருதோ அந்த வயரைப் பிடியுங்க.

நான் கண்டதுல அனேகமா ரெண்டு காரணம். ஒண்டு, வயர் நுனியில முறுக்காத ஒரு செப்பு நூல், தலைமயிர் அளவுதான், சிவப்புக் கிளிப்புல இருந்து கறுப்புக் கிளிப்பைத் தொட்டுக்கொண்டு நிக்கும். மற்றது, பாய்க்குக் கீழால போன வயரை எலி கடிச்சிருக்கும். நுனியில பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு, புதுசாச் சீவி, நல்லா முறுக்கிக் குடுங்க. பழைய ஸ்பீக்கர் போய் வேற ஸ்பீக்கர் மாத்தினீங்களெண்டா பின்னால எழுதியிருக்கிற ஓம் அளவைப் பாருங்க, பெட்டி கேக்கிறதை விடக் குறைஞ்ச ஓம் போட்டா பெட்டி தன்னைக் காப்பாத்த ஓஃப் ஆகத்தான் செய்யும்.

கேள்வி (திருக்கோவில்): ஐயா, போன கிழமை பின்னேரம் இடி இடிக்கக்குள்ள சுவிச்சை ஓஃப் பண்ணித்தான் வச்சிருந்தம். ட்ரிப் சுவிச்சும் இருக்கு. ஆனா டீவியும் புளூ-ரே பிளேயரும் ரெண்டும் போயிட்டு. எப்பிடிப் போகும்?

பதில்: இதைப் பத்தி விரிவாச் சொல்லணும், ஏனெண்டா ஒவ்வொரு வருசமும் மார்ச் ஏப்ரல்லயும் மறுகா ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேர இடியோட என்ட மேசை நிறைஞ்சிரும்.

சுவிச் எண்டது ஒரு சின்ன இடைவெளி, ரெண்டு மூண்டு மில்லிமீற்றர். எத்தினையோ மைல் ஆகாயத்தைத் தாண்டி வாற மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு கணக்கே இல்ல. ட்ரிப் சுவிச் ஆளுக்குக் கரண்ட் அடிக்காமக் காப்பாத்திறதுக்கு, சாமான காப்பாத்திறதுக்கில்ல, மின்னல் வந்து போன பிறகுதான் அது விழும். அதோட நிறையப்பேர் மறந்துபோற வழி ஒண்டு இருக்கு: கூரையில இருக்கிற டிஷ்ல, அன்டெனாவுல இருந்து வாற கேபிள். மின்னல் வீட்டுல விழத் தேவையில்ல, பக்கத்துத் தென்னையில விழுந்தாலே போதும், அந்தக் கேபிள் வழியா டிகோடருக்கு வந்து, டிகோடர்ல இருந்து எச்டிஎம்ஐ வயரால டீவிக்கு ஏறி, டீவியில இருந்து மற்ற எச்டிஎம்ஐயால பிளேயருக்கும் போகும். ஒரே சங்கிலி.

எனக்கே நடந்தது. கடையில எல்லாருக்கும் பிளக்கைக் கழட்டச் சொல்ற நான், அண்டைக்கு எல்லாப் பிளக்கையும் கழட்டிட்டன், டிஷ் கேபிளை மட்டும் விட்டுட்டன். ஒரு இடிதான். டீவியில ரெண்டு எச்டிஎம்ஐ துளையும் செத்துப் போச்சு, பிளேயர்ல சிவப்பு லைட் எரியுது ஆனா படம் இல்ல. திறந்து பாக்கக்குள்ள அந்தத் துளைக்குப் பக்கத்துல இருந்த ஐசியில ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. அண்டைக்கு இருந்து வானம் கறுத்தா நான் முதல்ல போறது கேபிள் இடத்துக்குத்தான்.

அதனால மேகம் கறுக்கக்குள்ளயே கழட்டுங்க, இடி கேட்ட பிறகு வயரைத் தொடாதீங்க, அது ஆளுக்கே ஆபத்து. வெளியில போற நாள்ல காலையில வெள்ளெனவே கழட்டி வச்சிட்டுப் போங்க. திடீரெண்டு பாயிற வோல்டேஜைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டர் நல்லதுதான், ஆனா வீட்டுக்கு எர்த் சரியா இருந்தாத்தான் அது முழுசா வேலை செய்யும், எர்த் இல்லாத வீட்டுல அதை நம்ப ஏலாது. சந்தையில மலிவா விக்கிற மல்டி பிளக்குல அனேகமா ஒரு பாதுகாப்பும் இல்ல. ஸ்டெபிலைசர் வேற சாமான், கரண்ட் கூடிக் குறையிறதை அது பாக்கும், மின்னலை அது மறிக்காது.

கரண்ட் போய்ட்டு வாறதும் இதே மாதிரித்தான். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அந்த மாசங்கள்ல பவர் சப்ளை வெடிச்ச பெட்டி நான் எண்ணவே இல்ல. கரண்ட் போனா எல்லாத்தையும் கழட்டுங்க, வந்து ஒரு அஞ்சு பத்து நிமிசம் நிண்ட பிறகு குடுங்க.

கேள்வி (காத்தான்குடி): சவூதியில இருந்து அவர் ஒரு ஹோம் தியேட்டர் கொண்டு வந்திருக்கார். இஞ்ச பிளக் குடுக்கலாமா?

பதில்: லேபிளைப் பாக்காமக் குடுக்காதீங்க ராத்தா. பெட்டிக்குப் பின்னால 100–240 வோல்ட் எண்டு இருந்தா ஒரு பயமுமில்ல, 220–240 எண்டாலும் சரி. சவூதியில முந்தி வீடுகளுக்கு 127 வோல்ட்டும் குடுத்தாங்க, 110–127 எண்டு மட்டும் இருந்தா எங்கட 230 வோல்ட்டுல ஒரு நொடியில புகையும். சிலதுல பின்னால ஒரு சின்ன வோல்டேஜ் சுவிச் இருக்கும், அதை ஊசியாலயோ திருகாணி முனையாலயோ 220 பக்கம் தள்ளிட்டுக் குடுக்கணும். சுவிச் இல்லாட்டி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர்தான், லேபிள்ல எழுதின வாட்டை விடக் கூடினதா வாங்குங்க. கனடாவுல இருந்து வாறதும் இதே கதைதான், அங்க 120 வோல்ட்.

இன்னொண்டும் இருக்கு, டிவிடிக்கு ரீஜன் எண்டு உலகத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்ச ஒரு நம்பர் இருக்கு, மத்திய கிழக்குக்கு ரீஜன் 2, இலங்கைக்கு ரீஜன் 5. அங்க வாங்கின பெட்டி இஞ்ச வாங்கின ஒறிஜினல் டிஸ்க்கை ஏத்துக்கொள்ளாட்டி பழுது எண்டு நினைக்க வேணாம். வீட்டு வீடியோ டிஸ்க்குக்கு இந்தப் பிரச்சினை பொதுவா வராது.

கேள்வி (களுவாஞ்சிகுடி): கனடாவுல இருந்து தங்கச்சி அனுப்பின கலியாண டிவிடி எங்கட பழைய டீவியில கறுப்பு வெள்ளையா வருது, படமும் உருளுது.

பதில்: அது என்டிஎஸ்சி (NTSC) எண்ட அங்கத்த டீவி முறையில எழுதினது, அதுல செக்கனுக்கு ஏறக்குறைய 30 படம், எங்கட பால் (PAL) முறையில 25. பிளேயர் மெனுவுல டீவி சிஸ்டம் எண்ட இடத்துல 'பால்' எண்டு மாத்துங்க, 'ஓட்டோ'வுல விட்டாத்தான் இப்பிடி வரும். சரி வரும்.

கேள்வி (சம்மாந்துறை): டிவிடி பிளேயர்ல டிஸ்க் வைக்கிற தட்டு வெளிய வராம உள்ளுக்கு 'கிர்ர்' எண்டு சத்தம் மட்டும் கேக்குது.

பதில்: ரப்பர் பெல்ட் இழுபட்டுப் போச்சு. மோட்டர் சுத்துது, பெல்ட் வழுக்குது. மலிவான சாமான், மாத்தினாச் சரி. கத்தியால நெம்பாதீங்க, பல்லுச் சக்கரம் உடைஞ்சா அந்த உதிரி இப்ப கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி (வெல்லாவெளி): வெள்ளம் வீட்டுக்குள்ள வந்து டிவிடி கட்டு முழுக்க நனைஞ்சு போச்சு. அதுல அப்பா உயிரோட இருக்கக்குள்ள எடுத்த வீடியோவும் இருக்கு. பிளேயரும் நனைஞ்சிட்டு. என்ன செய்யிறது அண்ணா?

பதில்: தம்பி, பிளேயரை விடுங்க, அதுக்குக் கரண்ட் மட்டும் குடுக்காதீங்க, திரும்ப ஒண்டு வாங்கலாம். டிஸ்க்கைப் பாப்பம்.

2011 தை மாச வெள்ளத்துக்குப் பிறகு நான் இப்பிடி நிறைய டிஸ்க் கண்டன், அனேகமானதைக் காப்பாத்தலாம், சேறுதான் எதிரி, தண்ணியில்ல. சேறு காய முதல் ஒரு வாளியில நல்ல தண்ணி எடுத்து அதுக்குள்ள டிஸ்க்கை அலசுங்க, காஞ்ச சேத்தைத் துணியால தேய்ச்சா மணல் கோடு போடும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற திரவம் போடலாம். மறுகா மெல்லிய பருத்தித் துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேராத் துடையுங்க, வட்டமாத் துடைக்காதீங்க. தகவல் சுழிச் சுழியா எழுதியிருக்கு, குறுக்கால விழுந்த கீறலைப் பிளேயர் சமாளிக்கும், வட்டமா விழுந்த கீறல் ஒரே இடத்துத் தகவலை நீளத்துக்கு அழிச்சிரும். நிழல்ல நிறுத்தி வச்சுக் காய விடுங்க, வெயில்ல வேணாம், எழுதின டிஸ்க்குட சாயம் வெயிலுக்கு வெளிறும்.

பல்லுக்குப் போடுற பேஸ்டால தேய்க்கச் சொல்லி ஆராவது சொல்லுவாங்க, இந்த டிஸ்க்குல அந்தப் பரீட்சை வேணாம்.

காஞ்ச பிறகு வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. ஓரத்துல வெள்ளைத் திட்டு மாதிரித் தெரிஞ்சா, டிவிடி எண்டது ரெண்டு தகடு ஒட்டினது, அந்த ஒட்டுக்குள்ள ஈரம் போகத் தொடங்கிட்டு. டிவிடி நடுவுல இருந்து ஓரத்துக்குத்தான் எழுதுப்படும், அதால வீடியோவுட தொடக்கப் பகுதி இன்னும் சுகமா இருக்கலாம், ஆனா நாள் இல்ல. ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) எண்ட ஃபோல்டரை முழுசா கொப்பி பண்ணுங்க, இடையில நிண்டா டிஸ்க்கை எடுத்துத் துடைச்சு வேற டிரைவுல போடுங்க, ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொண்டு வாசிக்கும், நான் மூண்டாவது டிரைவுல எடுத்ததும் இருக்கு. ரெண்டு இடத்துல சேமியுங்க, ஒண்டு உங்கட வீட்டுல, மற்றது வெள்ளம் ஏறாத ஊர்ல இருக்கிற சொந்தக்காரர் வீட்டுல.

கட்டு முழுக்க ஒரே நாள்ல செய்யப் போகாதீங்க. அப்பாட டிஸ்க்கை முதல்ல எடுங்க, மற்றது பிறகு பாத்துக்கொள்ளலாம். வீட்டுல கம்ப்யூட்டர் இல்லாட்டி ஈரம் காஞ்ச உடனே ஒரு பேப்பர் உறைக்குள்ள போட்டுக் கடைக்குக் கொண்டு வாங்க, பொலித்தீன்ல சுத்தாதீங்க.