மலைத் தோட்டத்துக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் மாருதி ஜிம்னி சரிப்படுமா? வைத்திருப்பவர்கள் அனுபவம் என்ன?

2023 செப்டம்பரில் ஜிம்னி எடுத்தேன். விலை குறைந்த ஜீட்டா வகை, மேனுவல் கியர். இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கேள்வி கேட்டவர் மலைத் தோட்டத்துக்குப் போய்வரவும் வேண்டும், ஊருக்குள்ளும் ஓட்ட வேண்டும், 15 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறார். வாங்கும்போது என் நிலைமையும் இதுவேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீடு நாமக்கல்லில். கொல்லிமலையில் தாத்தா காலத்து இரண்டு ஏக்கர் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, ஊடே காப்பி, ஓரத்தில் மலைவாழை. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள் வரும். அது தார் ரோடு, எந்தக் காரும் ஏறிவிடும். எங்கள் சிக்கல் அதற்கு அப்புறம்தான். தார் முடிகிற இடத்தில் இருந்து தோட்டம் வரை இரண்டரை கிலோமீட்டர். முதலில் உருளைக்கல், பிறகு செம்மண், நடுவில் ஒரு சின்ன ஓடை, கடைசி முந்நூறு மீட்டர் நல்ல ஏற்றம். காப்பிப் பழம் பறிக்கிற நாளும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஒன்றாகவே வந்து சேரும். பழைய காரைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு, மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தபின் அவர் தோட்டத்துக்கு வருவதே நின்றுபோனது. வண்டி வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

முதலில் பணக் கணக்கு. ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோது ஜீட்டா மேனுவலின் ஷோரூம் விலை 12.74 லட்சம். அதற்குப் பின் விலை மாறியிருக்கிறது, இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இப்போது 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 13 லட்சத்து வண்டிக்கு வரி மட்டுமே இரண்டே கால் லட்சத்தைத் தாண்டும், அதற்கு மேல் இன்சூரன்ஸ். ஆகவே 15 லட்சம் என்று நீங்கள் சொல்வது ஷோரூம் விலையா, ஆன்ரோடு விலையா என்பதை வீட்டில் உட்கார்ந்து முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விலை கூடிய ஆல்ஃபா வகை எடுத்தால் எல்இடி விளக்கு, அலாய் வீல், பெரிய திரை எல்லாம் கிடைக்கும். ஆனால் ஜீட்டாவிலும் அதே சேஸிஸ், அதே இன்ஜின், அதே ஃபோர் வீல் டிரைவ். என் வழிக்கு ஜீட்டாவின் இரும்பு ரிம்தான் நல்லது என்று தோன்றியது. போன வருடம் ஒரு கல்லில் இடித்து ரிம் வளைந்தது. நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்கா பஞ்சம்? தட்டி நிமிர்த்திக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் நான் அதிகம் குழம்பியது ஒரு விஷயத்தில்தான், அதை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை போகும் வண்டிகள் எல்லாம் ஒரே வகை கிடையாது. கிராண்ட் விட்டாராவின் ஆல் வீல் டிரைவ் போன்றவற்றில் வழக்கமாக முன்சக்கரம் இழுக்கும், அது வழுக்குகிறது என்று தெரிந்ததும் பின்சக்கரத்துக்கும் விசையை அனுப்பும். மழையில் நனைந்த ரோடு, மணல், லேசான சேறு ஆகியவற்றுக்கு அது அருமையான ஏற்பாடு. ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் அதில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர், கிடையாது. ஜிம்னியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கும்: 2எச், 4எச், 4எல். வழக்கமாக 2எச்சில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். வழுக்கலான பாதையில் ஓடிக்கொண்டே, நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச்சுக்கு மாற்றலாம். 4எல்தான் லோ ரேஞ்ச், அதைப் போட வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, லீவரை அழுத்தி இழுக்க வேண்டும்.

அந்த 4எல்தான் எனக்கு வண்டி. அதில் சக்கரம் சுற்றும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், சக்கரத்துக்கு வரும் இழுவிசை அதே அளவுக்கு இரண்டு மடங்காகும். மற்றக் கார்களில் செங்குத்தான கல் ஏற்றத்தில் மெதுவாகப் போக வேண்டுமென்றால் ஆஃப் கிளட்சில் பிடித்துக்கொண்டே போக வேண்டும், நூறு மீட்டருக்குள் கிளட்ச் கருகும் வாடை வந்துவிடும். 4எல்லில் முதல் கியர் போட்டுக் கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடலாம். நடக்கும் வேகத்தில் கல்லுக்குக் கல் ஏறி இறங்கும். இறக்கத்தில் இன்னும் நல்லது. இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது. ஈரச் செம்மண் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் சக்கரம் நின்று வண்டி வழுக்கும் என்பது மலையில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

இன்ஜின் பெரியது என்று யாரும் சொல்ல முடியாது. 1462 சிசி பெட்ரோல், 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர். காரவள்ளி ஏற்றத்தில் நான்கு பேரும் சாமானும் இருந்தால் இரண்டாம் கியரிலேயே பாதி மலை ஏற வேண்டும், பின்னால் வரும் டீசல் வண்டிகளுக்கு வழி விட்டுவிடுவேன். ஆனால் மண்பாதை வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. வண்டியின் எடை சுமார் 1,200 கிலோதான். அகலம் 1,645 மில்லிமீட்டர். மகிந்திராவின் தார் வண்டியும் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் பலத்தில் அதன் பக்கத்தில் ஜிம்னி நிற்க முடியாது, டீசலும் உண்டு. ஆனால் அதன் அகலம் 1.8 மீட்டருக்கு மேல். எங்கள் பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். டேப் வைத்து அளந்தபோது மிக ஒடுங்கிய இடம் 2.1 மீட்டர்தான் இருந்தது. முடிவை எடுத்துக் கொடுத்தது அந்த அளவுதான். விளம்பரத்தில் சொல்லும் குதிரைத்திறனை விட நம் பாதையின் அகலமும் மேடுபள்ளமும் முக்கியம் என்று நான் மனதார நம்புகிறேன். தரையில் இருந்து அடிப்பகுதிக்கு 210 மில்லிமீட்டர் இடைவெளி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வண்டியின் உடல் அதிகம் நீளாத அமைப்பு, இவை இரண்டும் ஓடையில் இறங்கி ஏறும்போது பலமுறை கைகொடுத்திருக்கின்றன.

முதல் வருடம் கார்த்திகையில் ஒரு நாள். இரவெல்லாம் பெய்து காலையில் விட்டிருந்தது. ஓடையைத் தாண்டி ஏறும் இடத்தில் தண்ணீர் பாதையைக் குறுக்கே அரித்துவிட்டிருந்தது. முன் இடது சக்கரம் குழிக்குள், பின் வலது சக்கரம் பாதி அந்தரத்தில். ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிடிப்பில்லாத அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் சும்மா சுற்றின. பயந்து காலை எடுத்துவிட்டேன். மறுபடி கொடுத்தேன், மறுபடி எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப வருடம் அந்த வழியில் ஜீப் ஓட்டியவர். "தம்பி, விட்டு விட்டுக் கொடுக்காதீங்க. ஒரே சீரா மிதிச்சுப் புடிங்க, அதுவே ஏறிக்கும்" என்றார். அப்படியே செய்தேன். நாலைந்து நொடி சக்கரம் சுற்றியது, கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது.

அந்தச் சத்தம் பிரேக்கினுடையது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியலில் விசை எப்போதும் எளிதாகச் சுற்றும் சக்கரத்துக்கே ஓடிவிடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுற்றும், மண்ணில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். ஜிம்னியில் சும்மா சுற்றும் சக்கரத்தைக் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கிறது. உடனே விசை எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் இது வேலை செய்ய நாம் ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். நான் பயந்து பயந்து காலை எடுத்ததால்தான் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. புதிதாக வாங்குபவர்கள் இதை முதல் வாரத்திலேயே யாராவது தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். ஒரு முறை தோட்டத்தில் இருந்து இறங்கித் தார் ரோட்டைப் பிடித்த பிறகும் 4எச்சிலேயே விட்டுவிட்டேன். காய்ந்த ரோடு. முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் இறுகியது, யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல வண்டி விக்கியது. பெரிய கோளாறு என்று நினைத்து ஓரம் கட்டிவிட்டேன். கோளாறு எதுவும் இல்லை. வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் வேறு, பின்சக்கரம் போகும் தூரம் வேறு. இந்த வகை வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் கியர்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் தேய்மானம் நமக்குத்தான். தார் ரோடு வந்ததும் 2எச்சுக்கு மாற்றுவது இப்போது கை தானாகச் செய்கிற வேலை.

டயர் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு வந்தது ரோடு டயர். ஈரச் செம்மண்ணில் அரை கிலோமீட்டருக்குள் அதன் வெட்டுகளில் மண் அப்பி வழவழவென்று ஆகிவிடும். நான்கு சக்கரமும் இழுத்தாலும் பிடிப்பைத் தருவது டயர்தானே. 30,000 கிலோமீட்டரில் அதே 195/80 ஆர்15 அளவில், மண்ணுக்கும் கல்லுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் போட்டேன். மைலேஜ் கொஞ்சம் குறைந்தது, சத்தம் கொஞ்சம் கூடியது, ஏற்றத்தில் தடுமாறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. சேறு அதிகமான நாளில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிக்கொண்டு, திரும்பும்போது சின்ன கம்ப்ரஸரால் ஏற்றிக்கொள்கிறேன். அந்தக் கம்ப்ரஸரும் ஒரு இழுவைக் கயிறும் எப்போதும் வண்டியில் இருக்கும்.

இனி ஊர் ஓட்டம். நகரத்துக்குள் சுகமான வண்டி. நீளம் நான்கு மீட்டருக்குள், கண்ணாடி பெரிது, நான்கு மூலையும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே தெரியும். என் மனைவி இதில்தான் தினமும் அலுவலகம் போகிறாள். ஆனால் சேலம், கோவை என்று பைபாசில் போகும்போது 90ஐத் தாண்டினால் இன்ஜின் சத்தம் உள்ளே வரும். முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சு, ஏணி போன்ற இரும்புச் சட்டமான லேடர் சேஸிஸ். ரோட்டில் மேடுபள்ளம் வந்தால் உடம்பு இடமும் வலமுமாக ஆடும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் மற்றக் கார்களைப் போலச் சட்டென்று நேராகாது, நாமே திருப்பிக்கொள்ள வேண்டும். 70 வளைவு ஏறி இறங்கினால் அது பழகிவிடும். புதிதாக உட்காருபவர்களுக்கு முதல் நாள் திகைப்பாக இருக்கும்.

நான்கு பேர்தான் உட்கார முடியும், ஐந்தாவது ஆளுக்கு பெல்ட்டும் இல்லை, இடமும் இல்லை. பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு 208 லிட்டர் இடம், இரண்டு சின்னப் பைகளோடு நிறைந்துவிடும். சீட்டை மடக்கினால் 332 லிட்டர். காப்பி மூட்டை ஏற்றுகிற நாளில் அப்படித்தான் மடக்கிக்கொள்கிறேன். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதிலேயே தொங்குகிறது. சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்க முடியாது. பெரிய குடும்பம் என்றால் இதை ஒரே வண்டியாக வைத்துக்கொள்வது கஷ்டம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், பழைய காரை விற்காமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

மைலேஜ் கம்பெனி சொல்வது 16.94. எனக்கு பைபாசில் 15, ஊருக்குள் 13, மலைக்குப் போய்வந்தால் 11 வரை இறங்கும். டேங்க் 40 லிட்டர்தான். அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டுதான் ஏறுவேன்.

உங்கள் வழி வெறும் கல்ரோடு, மழையிலும் மற்றக் கார்கள் போய்வருகின்றன என்றால் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். அடிப்பகுதி உயரமான சாதாரண எஸ்யூவியே போதும், உட்காரவும் சாமான் வைக்கவும் இடம் அதிகம் கிடைக்கும். கல் ஏற்றம், அரித்த பாதை, ஒடுங்கிய வழி இவற்றில் குறைந்தது இரண்டு உங்களுக்கு இருந்தால் மட்டும் ஜிம்னியைப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையின் மிக ஒடுங்கிய இடத்தை அளந்து வையுங்கள். டெஸ்ட் டிரைவில் வீட்டுப் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து மோசமான ரோடு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். 4எல் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், சில இடங்களில் அந்த லீவரைத் தொடாமலேயே சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் அப்பாவுக்கு அந்தப் பின் சீட் ஆட்டம் பிடிக்கவில்லை, முன்னால்தான் உட்காருவார். போன மாசி மாதம் மிளகு பறித்தபோது நான்கு வருடத்துக்குப் பிறகு தோட்டத்தில் இறங்கினார். இறங்கியவர் வண்டியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, நேராகக் கொடி பார்க்கப் போய்விட்டார்.