சாமி பெயரில் இருந்தாலும் ரசீது கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட்டும் நீட் ரிசல்ட்டும் வந்துவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: மிஷனோ மடமோ மத அறக்கட்டளையோ நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோமெடிக்கல் சயின்ஸ் சேர்வது. ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கம்ப்ரஸர் வாரண்டி வரை குடைகிற அதே ஆள், இங்கே 'நம்ம ஆளுங்க நடத்துறது' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மகளுக்கு நீட்டில் மார்க் குறைவு. ஒரு கிறிஸ்தவப் பல்கலையில் பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் கிடைக்கிறது. 'இது பாதி டாக்டர் படிப்பு, முடித்தால் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் சேரலாம்' என்று அட்மிஷன் ஆபீஸில் சொன்னார்கள். சேர்க்கலாமா? (ஒரு அப்பா, நாகர்கோவில்)

ப: சொன்னது பொய். பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸில் நுழைய இந்தியாவில் வழியே இல்லை. நீட் எழுதி, முதலாம் ஆண்டிலிருந்துதான். பயோமெடிக்கல் சயின்ஸ் என்பது நோய் எப்படி உண்டாகிறது, மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்று படிக்கிற அறிவியல் படிப்பு, வைத்தியம் பார்க்கிற படிப்பு இல்லை. ஈசிஜி, வென்டிலேட்டர் மாதிரி கருவிகள் என்றால் அது பி.இ. பயோமெடிக்கல் எஞ்சினியரிங். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி. மூன்றையும் போட்டுக் குழப்பித்தான் விற்கிறார்கள். மகளுக்கே ஆர்வம் இருந்து, ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சிக்கான நெட் தகுதித்தேர்வு, பி.எச்டி. என்று போகத் தயாராக இருந்தால் நல்ல படிப்பு. டாக்டர் ஆசைக்கு ஆறுதல் என்றால் வேண்டாம். அந்த ஆபீஸுக்கு, சொன்னதையே எழுத்தில் தரச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள், பதில் வருகிறதா பார்ப்போம்.

கே: நாக் ஏ பிளஸ் பிளஸ் என்றால் பயோடெக் துறை நன்றாகத்தானே இருக்கும்? (சேலம்)

ப: இல்லை. நாக் என்பது கல்லூரிகளையும் பல்கலைகளையும் தரம் பார்க்கிற தேசிய அமைப்பு, அது தருகிற கிரேடு மொத்த நிறுவனத்துக்கு, துறைக்கு இல்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழு ஆட்களையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மதம் சார்ந்த பல்கலையில் உயிரியல் படித்தால் டார்வினை ஒழுங்காகச் சொல்லித்தருவார்களா? (மாணவி, தஞ்சாவூர்)

ப: நல்ல கேள்வி, அப்பாக்கள் யாரும் கேட்காதது. மதத்துக்கும் உயிரியலுக்கும் ஆகாது என்று பொதுவாக முடிவுகட்ட வேண்டாம். பட்டாணிச் செடியை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் அகஸ்தீன் சபைத் துறவி. உங்களுக்குப் பக்கத்திலேயே, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967இல் ரேப்பினாட் ஹெர்பேரியத்தை (உலர்த்திய செடிகளின் சேகரிப்பு) உருவாக்கியவர் இயேசு சபைப் பாதிரியார் கே.எம். மாத்யூ. காடுமேடெல்லாம் அலைந்து செடி சேகரித்த மனிதர். ஆனால் எல்லா இடமும் அப்படி இருக்கும் என்று நானாகச் சொல்ல மாட்டேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தில் 13 அலகுகள், பரிணாமம் 11ஆவது. பல்கலையின் சிலபஸை வாங்கி அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிணாமம் காணோம் என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். இன்னொன்று: கத்தோலிக்கத் திருச்சபை மனிதக் கருவை அழித்து ஸ்டெம் செல் எடுப்பதை ஏற்பதில்லை. அந்தப் பக்கம் ஆராய்ச்சி செய்ய ஆசை இருந்தால், சேருமுன்பே துறைத்தலைவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கே: நாங்கள் இந்துக் குடும்பம். பையன் தினமும் பிரார்த்தனைக்குப் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைக்கிறார்கள். (ஒரு அம்மா, ஈரோடு)

ப: அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3)ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ பெறும் கல்வி நிறுவனத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இந்தப் பிரிவு இல்லாமல் போய்விடாது. சிக்கல் எங்கே என்றால், சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் 'வளாக வழிபாடுகளில் பங்கேற்கச் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கலாம். அதை எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் பரவாயில்லை, சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகப் பையனை பதிவாளருக்கு எழுதச் சொல்லுங்கள். நன்னெறி வகுப்பு என்று பாடமாக வைத்திருந்தால் அது வேறு, அதற்குப் போகத்தான் வேண்டும்.

கே: பி.எஸ்சி. பயோடெக் மூன்றாம் ஆண்டு. ப்ராஜெக்டை வெளியில் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பைண்டிங்கோடு 15,000 கேட்கிறார்கள். நியாயமான விலையா? (மதுரை)

ப: விலையை விடுங்கள், இதை ஏன் நீங்கள் வாங்க வேண்டும்? மூன்று வருஷம் லேப் ஃபீஸ் என்று தனியாகக் கட்டியிருக்கிறீர்கள். அட்மிஷன் நாளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ரியல் டைம் பி.சி.ஆர்., மைனஸ் 80 ஃப்ரீசர் எல்லாம் காட்டியிருப்பார்கள். அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வாசலில் எந்த சாமி படம் இருந்தாலும் இந்தக் கதை மட்டும் மாறவில்லை. ப்ராஜெக்ட் வரும்போது மாணவர்களைத் தெருவில் விடுவார்கள், சென்டர்காரர் வேப்பிலைச் சாற்றையோ துளசிச் சாற்றையோ எடுத்து, கிருமி வளர்க்கிற அகார் தட்டில் நாலு குழி போட்டு, கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளந்து, போன வருஷத்து தீசிஸில் செடியின் பெயரை மட்டும் மாற்றித் தருவார். இண்டர்வியூவில் 'எத்தனை மைக்ரோலிட்டர் போட்டாய்' என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். பிள்ளை மேல் என்ன தப்பு? துளியை அளந்து எடுக்கிற மைக்ரோபிப்பெட்டைப் பிடிக்கவே விடவில்லையே. உங்களிடம் சொல்வது: துறைத்தலைவருக்கு நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், லேப் ஃபீஸ் ரசீது நகலோடு. பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலை ஆய்வகங்களுக்கு நேராக மெயில் அனுப்புங்கள், பத்துப் பேரில் ஒருவர் கூப்பிடுவார். ஜூனியர்களிடம் இந்திய அறிவியல் அகாதெமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் பற்றிச் சொல்லுங்கள், அதில் நாம் காசு கட்ட வேண்டாம், அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். இனிமேல் சேரப் போகிறவர்கள் இரண்டே இரண்டு கேளுங்கள்: கடந்த மூன்று வருஷத்து ப்ராஜெக்ட் தலைப்புகள், எங்கே செய்தது என்ற விவரத்தோடு. அப்புறம் பெரிய கருவிகளின் லாக் புக், அதாவது யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்ற பதிவேடு. கடைசிப் பதிவு போன வருஷத்தோடு நின்றிருந்தால் அந்தக் கருவி ஷோகேஸ் பொம்மை.

கே: மகள் மைக்ரோபயாலஜி சேர்கிறாள். வீட்டுக்கு மைக்ராஸ்கோப் வாங்கலாமா? (கரூர்)

ப: வேண்டாம். அக்கா பையனுக்கு '1200 மடங்கு' என்று பெட்டியில் போட்டிருந்ததை ஆன்லைனில் நான் வாங்கினேன். வெங்காயத் தோலே மங்கலாகத்தான் தெரிந்தது. லென்ஸ் மட்டமாக இருந்தால் மடங்கு கூடக்கூட மங்கல்தான் பெரிதாகும். அந்தப் பணத்தில் முழுக்கை லேப் கோட் இரண்டு வாங்குங்கள், காட்டனில். பாலியஸ்டர் பன்சன் பர்னரில் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

கே: வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மகள் விலகினாள், கடைசித் தேதி தாண்டிப் பத்து நாள். பணமும் தரவில்லை, ஒரிஜினல் சான்றிதழ்களும் தரவில்லை. 'அறக்கட்டளைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். (திண்டுக்கல்)

ப: படித்ததும் கோபம்தான் வந்தது. சான்றிதழைப் பிடித்து வைக்கவே கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பில் தெளிவாக இருக்கிறது. அதே அறிவிப்பின்படி, கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் செயலாக்கக் கட்டணம் போக முழுப்பணம், அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கப்புறம் இல்லை. உங்களுக்கு 80 வர வேண்டும். சில ஆண்டுகளில் யுஜிசி இன்னும் தாராளம், 2024-25க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப்பணம் என்றது, அதனால் உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பையும் பாருங்கள். பதிவாளருக்குப் பதிவுத் தபால், அப்புறம் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார், 2023 விதிகளின்படி பல்கலையில் இருக்க வேண்டிய குறைதீர்ப்பாளருக்கு ஒரு நகல். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி உட்காராதீர்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லிவிட்டது. கோச்சிங் சென்டர் மீது போகலாம், பல்கலை மீது முடியாதாம். மிக்ஸிக்கு இருக்கிற பாதுகாப்பு மகளின் படிப்புக்கு இல்லை. சான்றிதழை மட்டும் விடாதீர்கள், தேவைப்பட்டால் வக்கீல் நோட்டீஸ்.

கே: எங்கள் சபை அண்ணன் ஒருவர் மூலம் சீட்டுக்கு 50,000 ஜிபேயில் அனுப்பினேன். ரசீது பிறகு தருவதாகச் சொன்னார். போன் எடுக்கவில்லை. போன மாதமும் உங்களுக்கு எழுதியிருந்தேன். (தூத்துக்குடி)

ப: போன மாதம் நீங்கள் எழுதியது 'அனுப்பலாமா' என்று. 'அனுப்பாதீர்கள்' என்று பதில் போட்டிருந்தேன். பல்கலையின் வங்கிக் கணக்கில் போகாத பணம் பல்கலைக்குப் போகவில்லை, இதில் சபையும் அண்ணனும் எங்கே வந்தார்கள்? கேபிட்டேஷன் ஃபீ, அதாவது சீட்டுக்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்கும் பணம், வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது, தெரிந்தேதான் கொடுத்திருக்கிறீர்கள். சரி, இன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள், ஜிபே விவரத்தோடு போலீஸில் புகார் கொடுங்கள். சபையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: மடம் நடத்தும் பல்கலை. விடுதியில் முட்டைகூடக் கிடையாது என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெஸ் பணத்தில் குறைக்கச் சொல்ல முடியுமா? (காரைக்குடி)

ப: முடியாது. பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.