குழந்தை கேட்கிறது, என்ன சொல்வது?

மகப்பேறுப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சிறு பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நாலு வயது மகள் "நான் எங்கிருந்து வந்தேன்?" என்றாள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று மாமியார் சிரித்தார். இரவெல்லாம் அழுதாள்.

அழத்தான் செய்வாள், சகோதரி. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லவா? "அம்மா உடம்புக்குள் கர்ப்பப்பை என்று ஒரு பை இருக்கிறது, நீ அதில்தான் வளர்ந்தாய்" என்று இன்றே சொல்லுங்கள். வயிறு என்று மட்டும் சொன்னால் சோறு போகும் இடத்தில் பாப்பா இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். "அம்மா ரசம் குடித்தால் தம்பி மேல் கொட்டுமா?" என்று ஒரு பையன் என்னிடமே கேட்டிருக்கிறான். அவளுடைய தொப்புளைத் தொட்டுக் காட்டுங்கள். அங்கே இருந்த கொடி வழியாகத்தான் அவளுக்குச் சத்தும் ஆக்சிஜனும் வந்தன. பிறந்ததும் கொடியை வெட்டினார்கள், யாருக்கும் வலிக்கவில்லை. மிச்சத் துண்டு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்தது. இத்தனை தெரிந்ததும் விளையாட ஓடிவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும்.

ஆறு வயதுப் பையன், பாப்பா உள்ளே எப்படிப் போனது, எப்படி வெளியே வந்தது என்கிறான்.

அப்பாவின் விந்தணுவும் அம்மாவின் கருமுட்டையும் சேர்ந்து குழந்தை உருவாகிறது. வெளியே வர, அம்மாவின் கால்களுக்கு நடுவே தனி வழி உண்டு. அது சிறுநீர் வரும் வழி அல்ல. சிசேரியன் என்றால் தழும்பையே காட்டலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்தரங்க உறுப்புகளின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் "பப்பி ஷேம்" என்றுதான் சொல்கிறோம்.

தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வெட்கம் என்று பழக்கிய இடத்தில் யாராவது கை வைத்தால், குழந்தை அந்த வெட்கத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பிட்டம் என்று குளிப்பாட்டும்போதே, முழங்காலைச் சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று மட்டும் பிரித்துச் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே எல்லை மீறுகிறவர்கள் உண்டு. விதியாகவே சொல்லுங்கள்: சுத்தம் செய்யவோ, நீங்கள் உடன் இருக்கும்போது மருத்துவர் பார்க்கவோ தவிர, அங்கே யாரும் தொடக்கூடாது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். மாமாவுக்கு முத்தம் கொடு என்று நாமே கட்டாயப்படுத்தினால் இந்த விதி நிற்காது. ஏதாவது நடந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

மகளைத் தத்தெடுத்திருக்கிறோம். மூன்று வயது. எப்போது சொல்லலாம்?

இப்போதே. "இன்னொரு அம்மாவின் கர்ப்பப்பையில் வளர்ந்தாய், பிறகு எங்கள் மகளாக வந்தாய், என்றைக்கும் எங்கள் மகள்தான்" என்று தூங்கவைக்கும்போது கதையாகச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால், ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் எவரோ ஒருவர் நீங்கள் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

கணவர் பிரிந்துவிட்டார். மகனைப் பள்ளியில் "என் குடும்பம்" படம் வரையச் சொல்கிறார்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களை வரையட்டும்: நீங்கள், பாட்டி, அவன். அப்பாவையும் வரைய ஆசைப்பட்டால் வரையட்டும், தடுக்காதீர்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.