கட்டுத்தரையில் விழுந்தது சத்துக் குறைவாலா?

கேள்வி: எனக்கு 52 வயதுங்க. தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். சொசைட்டிக்குப் பால் ஊற்ற விடியற்காலம் நாலரைக்கே எழுந்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை கட்டுத்தரையில் தள்ளாடி விழுந்துவிட்டேன். போன வாரம் மணிக்கட்டில் அடி. சத்து இல்லை என்று டானிக் குடிக்கிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டான், தூக்கத்துக்குக் குளோனாசிபாம், தும்மலுக்குச் செடிரிசின் போடுகிறேன். என்ன செய்யட்டுங்க?
- வாசகி, சென்னிமலை

பதில்: அம்மிணி, முதலில் மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். வீக்கம் வடிந்தாலும் எடுங்கள். மாதவிலக்கு நின்ற வயதில் எலும்பு மெலியும். சாதாரணமாக விழுந்தாலே அந்த இடத்தில் விரிசல் விடும்.

சத்துக் குறைவை நான் முதலில் சந்தேகப்பட மாட்டேன். உங்கள் மாத்திரைகளைத்தான் சந்தேகப்படுகிறேன். குளோனாசிபாம் ராத்திரியோடு முடிகிற மருந்தல்ல. உள்ளே போனதில் பாதி குறையவே சுமார் 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நாலரைக்கு நீங்கள் தீவனக்கூடையைத் தூக்கும்போது நேற்றைய மாத்திரையோடு முந்தாநாள் மிச்சமும் உடம்பில் இருக்கிறது. செடிரிசினும் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். இரண்டும் சேர்ந்தால் கால் தடுமாறும். இதில் சடாரென்று எழுந்தால், பிரஷர் மாத்திரையால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கிக் கண் இருட்டலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் காரணம் பிடிபடும்.

என்னிடம் வந்த ஓர் அம்மா மஞ்சப்பையை மேசையில் கொட்டினார். மூன்று கடையில் வாங்கிய மூன்று அட்டை, மூன்று பெயர். உள்ளே இருந்தது ஒரே அலர்ஜி மருந்து. மூன்றையும் தினம் போட்டிருக்கிறார்! அதனால் சளி, வலி மாத்திரை, டானிக் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

ஆனால் பயந்துபோய்க் குளோனாசிபாமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் போகும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பிரஷர் மாத்திரையையும் அவரைக் கேட்காமல் விடக் கூடாது.

அதுவரை கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு நடங்கள். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தலையில் அடிபட்டாலோ, நினைவு தப்பினாலோ, பால் கறப்பதை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.